மயக்க டாக்டரின் மலை சைக்கிள்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை முளைக்காதவனாக இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. இந்தக் கதையில் குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. நடந்தது அப்படி, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

குருவின் பெயர் ஜெசிந்தா. கோத்தகிரியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இறக்கத்தில் திரும்பினால், காய்கறி மண்டிக்குப் பக்கத்தில் அவளுடைய சைக்கிள் பட்டறை. தேயிலைக் காட்டு ஒற்றையடிப் பாதைகளில் ஓட்டுகிற மலை சைக்கிள்களுக்கென்றே நடத்துகிற பட்டறை. ஆள் பேச்சு குறைவு. கேட்டால் பதில் வரும். சில நாள் அதுவும் வராது, கையில் ஸ்பேனரைக் கொடுத்து எதிரே உட்கார வைத்துவிடுவாள்.

சீடர், டாக்டர் மாசிலாமணி. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். இருபத்தாறு வருஷமாக ஆட்களைத் தூங்க வைத்து, பத்திரமாக எழுப்பி, வீட்டுக்கு அனுப்புகிறவர். மருந்து ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. அப்படிப்பட்ட மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிள் பைத்தியம் பிடித்துவிடும். வாரம் முழுக்க அந்த ஒரு காலைக்காகத்தான் உயிரோடு இருப்பது போல அலைவார்.

போன தை மாதம் அவர் விழுந்தார்.

முயல்மட்டம் என்று ஒரு மலைச்சரிவு. அதன் இறக்கத்தில் நடுவழியில் ஆட்டுக்கல் பாறை. நாலடி நீளம், கடைசியில் முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு துண்டிப்பு, அதை அடுத்து உடனே இடது பக்கம் திருப்பம். அந்தத் துண்டிப்பில் சைக்கிள் அவரைக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறிந்தது. தோளில் காறை எலும்பு இரண்டாகப் போனது.

எலும்பு கூடிவிட்டது. பயம்தான் போகவில்லை. பாறைக்குப் பத்தடி முன்னால் விரல்கள் தாமாகவே பிரேக்கைப் பிடித்துக்கொண்டன. டாக்டர் இறங்குவார். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, முள்ளுக்குள் புகுந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு வருவார். கூட வந்தவர்கள் கீழே காத்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஆவணியில் ஒரு நாள் ஒரு கட்டுக் காகிதத்தோடு பட்டறைக்கு வந்தார்.

"பழைய சைக்கிள்ல பின்னாடி ஷாக் அப்சார்பர் கிடையாதும்மா. அதான் என்னைத் தூக்கி எறிஞ்சுடுச்சு. முன்னாடியும் பின்னாடியும் ஷாக் உள்ளதா ஒண்ணு வேணும். பதினோரு மாடல் பார்த்து வச்சிருக்கேன்."

ஜெசிந்தா காகிதத்தை வாங்கவில்லை.

"எதுக்கு டாக்டர்?"

"ஆட்டுக்கல் பாறையில இறங்கணும்."

"இறங்கி?"

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இறங்கி என்னன்னா? இறங்கணும், அவ்வளவுதான். ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள இறங்கலைன்னா சைக்கிளையே விட்டுடப் போறேன். இந்த வயசுல வாரா வாரம் ஒரு பாறைகிட்ட தோத்துட்டு வர முடியாது."

சும்மா வாய் வார்த்தை இல்லை. ஒரே நாளில் சிகரெட்டை விட்ட மனிதர் அவர், விடுவேன் என்றால் விட்டுவிடுவார். சைக்கிளை விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது.

ஜெசிந்தா சுவரைக் காட்டினாள். மூன்று சைக்கிள்கள் மாட்டியிருந்தன. ஒன்று பெரியது, ஷாக் பதினேழு சென்டிமீட்டர் அமுங்கும். ஒன்று பதினாலு. ஒன்று பன்னிரண்டு.

"பெரிசுதான்," என்றார் டாக்டர், யோசிக்காமல்.

"எடுத்துக்குங்க. முயல்மட்டம் உச்சி வரைக்கும் மிதிச்சுட்டுப் போய்ட்டு, ரோடு வழியா திரும்பி வாங்க."

போனார். இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார். சட்டை பிழிந்தால் ஒரு குடம் தேறும். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பழைய டயர் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னம்மா இது, சைக்கிளா எருமையா?"

"பாறை எவ்வளவு நீளம்?"

"நாலடி."

"உச்சிக்குப் போற வழி?"

"ஆறு கிலோமீட்டர்."

ஜெசிந்தா பெரிய சைக்கிளைத் துடைத்துத் திரும்பவும் மாட்டினாள். பதினாலு சென்டிமீட்டர் உள்ளதை இறக்கினாள்.

ஏறி நிற்கச் சொன்னாள். பெடல் மேல் இரண்டு காலையும் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து, சுவரில் முழங்கை சாய்த்து நின்றார். அவள் சைக்கிளைப் பார்க்கவில்லை, அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள் ரெண்டும் காதுக்கு ஏறுது. இது உங்களுக்குச் சின்னது."

உள்ளே போய் அதே சைக்கிளில் அடுத்த அளவைக் கொண்டுவந்தாள். டாக்டர் ஏறி நின்றார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஒண்ணும் தெரியலையேம்மா. இருக்கற மாதிரியே தெரியலை."

"அதான் உங்க அளவு."

அன்றைக்கு 'அம்மா' போய் 'குருவே' வந்தது. முதலில் கிண்டலாகத்தான் சொன்னார். வீட்டுக்குப் போனதும் மனைவி கோதையிடமும் சொன்னார்.

"எனக்கு ஒரு குரு கிடைச்சுட்டாங்க."

"யாரு?"

"சைக்கிள் கடைப் பொண்ணு."

"நல்லதாப் போச்சு. என் ஸ்கூட்டிக்கும் காத்தடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க," என்றாள் கோதை.

அடுத்த ஞாயிறு ஷாக்கை அவருக்கு ஏற்ற மாதிரி அமைக்கிற வேலை. காற்றடைத்த ஷாக் அது. ஆளின் எடை தெரிந்தால்தான் எவ்வளவு காற்று என்று சொல்ல முடியும்.

"என்ன எடை டாக்டர்?"

"எழுபத்தாறு கிலோ நானூறு கிராம்."

"எப்ப பார்த்தது?"

"காலையில. குளிச்சுட்டு, வெறும் வயித்துல. துல்லியமா இருக்கும்."

"பாறையில குளிச்சுட்டு வெறும் வயித்தோடயா இறங்கப் போறீங்க?"

டாக்டர் வீட்டுக்குப் போனார். ஹெல்மெட், ஷூ, முட்டிக்காப்பு, முதுகுப்பை, பைக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு டப்பா தயிர்சாதம் எல்லாவற்றோடும் திரும்பி வந்தார். வரும்போதே இரண்டு இட்லியும் உள்ளே போயிருந்தது. இப்போது எடை எண்பத்து மூன்று கிலோ.

"இதான் இறங்கப் போற ஆளு," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா பம்பை எடுத்தாள்.

பின் ஷாக்கின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. அதை மேலே தள்ளிவிட்டு ஆளை உட்கார வைத்தால், ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் வளையம் நின்றுவிடும். டாக்டர் குதிக்காமல், ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிற நிதானத்தோடு ஏறி உட்கார்ந்து இறங்கினார். வளையம் கால்வாசியைத் தாண்டி நின்றது.

"சரியா இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

"என்ன குருவே சரியா இருக்கு? ஒரு கல்லுகூட வரலை. சும்மா உட்கார்ந்ததுக்கே கால்வாசி போயிடுச்சே. டைட்டா வச்சா அம்புட்டும் கல்லுக்கு மிச்சமாகுமில்ல?"

அவள் வாதாடவில்லை. இன்னும் காற்றடித்தாள். டாக்டர் உட்கார்ந்தார். வளையம் அசையவில்லை. அவருக்குப் பரம திருப்தி.

"மண்டிச் சந்துல ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க."

மண்டிச் சந்து லாரி ஏறி ஏறிக் குண்டும் குழியுமாகக் கிடக்கும். டாக்டர் போய் வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"கல்லு பரவாயில்லை. ஆனா குழி வந்தா பின்சக்கரம் தரையைத் தொடவே மாட்டேங்குது. அந்தரத்துல நிக்குது. இறங்க இடமே இல்லாத மாதிரி."

ஜெசிந்தா வால்வை அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று இறங்கியது. அவர் மறுபடி உட்கார்ந்து இறங்கியதும் வளையம் பழையபடி கால்வாசியைத் தாண்டி வந்து நின்றது.

"வழியில கல்லு மட்டுமா டாக்டர் இருக்கு?"



ஷாக்கில் சிவப்பாக ஒரு திருகு இருந்தது. அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்ப எழும்ப வேண்டும் என்பதற்கான திருகு. திருப்பினால் க்ளிக், க்ளிக் என்று கேட்கும். ஏழாவது க்ளிக்கில் வைத்துக் கொடுத்தாள் ஜெசிந்தா.

அங்கேதான் பிடித்தது சனி. இருபத்தாறு வருஷமாகத் திருகுகளைத் திருப்பிச் சம்பாதித்த மனிதர் கையில் ஒரு திருகைக் கொடுத்தால் என்ன ஆகும்?

முதல் ஞாயிறு பாறை வரைக்கும் போனார். நின்றார். இறங்கினார். சுமந்துகொண்டு சுற்றி வந்தார். ஏழு க்ளிக் ஜாஸ்தி போலிருக்கிறது என்று தோன்றியது, ஆறு வைத்தார். அடுத்த ஞாயிறு ஆறோடு போனார். நின்றார், இறங்கினார். ஆறு குறைச்சல். அதற்கடுத்த வாரம் டயரில் காற்று அதிகம். அதற்கும் அடுத்த வாரம் சீட்டு உயரம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தார். எழுத்து என்னவோ அச்சடித்த மாதிரி அழகு.

"வாரா வாரம் போய் அந்தப் பாறைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வர்றீங்க," என்றாள் கோதை. "ஒரு சூடமாவது எடுத்துட்டுப் போங்க."

புரட்டாசி முடிகிற வாரம், பட்டறையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டார்.

"ஒன்பது வச்சுப் பாக்கட்டுமா குருவே?"

ஜெசிந்தா ஒரு செயினைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்க வேலையிலயும் இப்படித்தான் ஏத்தி ஏத்திப் பாப்பீங்களா?"

"ஆமா. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம்."

"எப்ப நிறுத்துவீங்க?"

"ஆள் தூங்கினதும்."

"இங்க யார் தூங்கணும் டாக்டர்?"

டாக்டர் நோட்டை மூடினார். திருகை ஏழுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, டீ குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஐப்பசி பிறந்தது. முதல் ஞாயிறே வானம் கருத்துவிட்டது. அன்று தப்பினால் இனி மார்கழி வரை முயல்மட்டத்தில் கால் வைக்க முடியாது, பாதை முழுக்கச் சேறாகிவிடும். டாக்டர் பட்டறை வாசலில் வந்து நின்றார். இதுதான் கடைசி என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஜெசிந்தா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் சைக்கிளை வெளியே எடுத்தாள்.

"நானும் வரேன்."

ஆறு வாரத்தில் முதல் தடவை. டாக்டருக்குத் தெம்பு வந்தது, கூடவே கூச்சமும் வந்தது. அவள் அவருடைய பைக்குள் கையை விட்டு, ஷாக்குக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"ஐயோ, அது வேணும் குருவே. மேல போய் ஒரு தடவை சரி பார்த்துக்கணும்."

"இங்கயே இருக்கட்டும்."

ஏறினார்கள். பின் ஷாக்கின் பக்கவாட்டில் நீல நிறத்தில் ஒரு லிவர் உண்டு. ஏற்றத்தில் மிதிக்கும்போது சைக்கிள் தொய்ந்து தொய்ந்து எழுந்து உயிரை வாங்கும். அந்த லிவரைத் திருப்பினால் ஷாக் அடைத்துக்கொண்டு மரக்கட்டை போல ஆகிவிடும், மிதிப்பது சுலபம். உச்சிக்குப் போனதும் திறந்துவிட வேண்டும். இருவரும் அடைத்துக்கொண்டுதான் ஏறினார்கள். மலை சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான்.

உச்சியில் டாக்டருக்கு ஒரு பூஜையே உண்டு. சைக்கிளை நிறுத்துவார். லிவரைத் திறப்பார். சீட்டை ஐந்து தடவை அழுத்திப் பார்ப்பார். க்ளிக்கை எண்ணுவார். டயரைக் கிள்ளிப் பார்ப்பார். பத்து நிமிஷம் ஆகும்.

அன்றைக்கு உச்சியில் காட்டெருமைகள் நின்றன.

ஒன்பது. பாதைக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நடுவில் ஒரு கன்று. ஜெசிந்தா கையை உயர்த்தினாள். இரண்டு பேரும் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே சிலையானார்கள். ஒரு கிழட்டுக் காளை தலையைத் தூக்கி டாக்டரையே பார்த்தது. மூக்கிலிருந்து ஆவி வந்தது. டாக்டர் மூச்சை எண்ணி எண்ணி விட்டார், தொழில் பழக்கம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கன்று தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து புகுந்து விளையாடுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. இதற்குத்தானே இத்தனை வருஷமாக வருகிறோம், இதையா விடப் போகிறோம் என்று தோன்றியது.

அரை மணி நேரம். ஒவ்வொன்றாகத் தேயிலைக்குள் இறங்கி மறைந்தன. அதற்குள் பனிமூட்டம் ஏறி வந்துவிட்டது. தூரத்தில் ஒரு இடி.

ஜெசிந்தா அவரை ஒரு தடவை பார்த்தாள். அவருடைய சைக்கிளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"என் பின்சக்கரத்தைப் பார்த்துட்டே வாங்க."

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். காட்டெருமை திரும்பி வருமோ, மழை வந்துவிடுமோ, பனியில் இவள் கண்ணுக்குத் தப்பிவிடுவாளோ என்று டாக்டரும் கால் போன வேகத்தில் பின்னால் கிளம்பினார். இரண்டாவது திருப்பத்தில்தான் பூஜை போடாதது நினைவுக்கு வந்தது. நின்றால் அவள் மறைந்துவிடுவாள். நிற்கவில்லை.

அவள் வழக்கமாக ஓட்டுகிற வேகத்தில் ஓட்டவில்லை. கையெழுத்துப் பழக்குகிற மாதிரி நிதானமாகப் போனாள். எங்கே சக்கரத்தை வைத்தாளோ அங்கேயே இவரும் வைத்தார். வேர்கள் முதுகில் குத்தின. பல் ஆடியது. ஈர மண் இறுகியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார். வேறு எதையும் நினைக்க நேரமில்லை.

ஆட்டுக்கல் பாறை வந்தது. விரல்கள் பிரேக்கைத் தேடின. முன்னால் அவளுடைய பின்சக்கரம் பாறைமேல் ஏறியது, விளிம்பில் ஒரு கணம் நின்றது, இறங்கியது. ஐயோ என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லி முடிப்பதற்குள் கீழே இருந்தார்.

டமாரென்று ஒரு அடி. உச்சந்தலை வரை அதிர்ந்தது. கைப்பிடி உதறியது. இடது திருப்பம். திரும்பினார். திரும்பியும் சைக்கிள் மேலேயே இருந்தார்.

"இறங்கிட்டேன்!" என்று கத்தினார் டாக்டர் மாசிலாமணி. "குருவே! ஆட்டுக்கல்லுல இறங்கிட்டேன்! அட, இறங்கிட்டேன்யா!"

சைக்கிளைக் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"என்ன சைக்கிள்! என்ன ஷாக்! ஏழு க்ளிக்தான் சரி, நீங்க அன்னைக்கே வச்சீங்க. நான்தான் மடையன் மாதிரி நோண்டிட்டே இருந்தேன். பழைய சைக்கிளா இருந்திருந்தா இந்நேரம் ஆம்புலன்ஸ்தான்."

ஜெசிந்தா சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்ததே குறைவு.

"மழைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு டாக்டர். இன்னொரு தடவை பாறைக்கு மேல ஏறிட்டு வர்றீங்களா?"

"ஒண்ணென்ன, பத்துத் தடவை."

துள்ளி ஏறினார். ஏற்றம் ஆயிற்றே, லிவரை அடைக்கக் கையைக் கீழே கொண்டுபோனார். அது ஏற்கனவே அடைத்திருந்தது.

கை அங்கேயே நின்றது.

உச்சியில் திறக்கவே இல்லை. பின்னால் ஷாக் இல்லாத பழைய சைக்கிள்தான் தன்னைத் தள்ளிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே, அந்தச் சைக்கிளும் இந்தச் சைக்கிளும் ஒன்றாகத்தான் இறங்கியிருக்கின்றன. முன்னால் ஒரு ஷாக், பின்னால் கட்டை. பதினோரு மாடல், ஆறு வாரம், ஒரு நோட்டு முழுக்கக் கணக்கு. இறங்கும்போது அதில் எதுவுமே வேலை செய்யவில்லை.

டாக்டர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனார். பாறைக்கு முப்பதடி மேலே நின்று லிவரைத் திறந்தார். டக் என்றது. சீட்டை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. க்ளிக்கை எண்ணத் தோன்றவில்லை. இந்தத் தடவை எதை நம்பி இறங்குவது என்று ஒரு கேள்வி வந்தது. அதைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பினார்.

இந்தத் தடவை டமார் இல்லை. திண்டிலிருந்து பூனை குதிக்கிற மாதிரி சைக்கிள் இறங்கியது. பின்சக்கரம் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து மண்ணைத் தொட்டது. திருப்பத்தில் ஓடைச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு ஓடை இருப்பதையே அவர் கவனித்ததில்லை.

கீழே வந்து சைக்கிளைச் சாய்த்தார். ஜெசிந்தா தன் சைக்கிளருகே குந்தி உட்கார்ந்து, ஸ்போக்கில் சிக்கிய குச்சி ஒன்றை உருவிக்கொண்டிருந்தாள்.

"லிவர் அடைச்சே இருந்துச்சு," என்றார் டாக்டர்.

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"உச்சியிலயே பார்த்தேன்."

டாக்டர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப இத்தனை வாரம் இந்த ஷாக்கை செட் பண்ணதெல்லாம் வீண்தானா?"

"ரெண்டாவது தடவை எப்படி இருந்துச்சு?"

கோபமாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. வாய் தானாக விரிந்தது.

"வெண்ணெய்."

"அப்ப வீணில்லையே."

முதல் துளி டாக்டரின் கையில் விழுந்தது. அவர் எழுந்துகொண்டார். சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை விட முடியாது அவரால்.

"அது சரி. ஆனா நீங்க செஞ்சது தப்பு குருவே. தியேட்டர்ல ஒரு வால்வு திறக்காம இருக்கறதைப் பார்த்துட்டு நான் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. இருபத்தாறு வருஷத்துல ஒருநாள்கூட இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வயசுல இன்னொரு எலும்பு போயிருந்தா? நான் விழுந்திருந்தா?"

ஜெசிந்தா எழுந்து, தன் சைக்கிளை அவர் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள். அவளுடைய நீல லிவரும் அடைத்தபடியே இருந்தது. உச்சியிலிருந்து அது திறக்கப்படவே இல்லை.

டாக்டர் அதையே பார்த்தார். மழை இலைகளில் சடசடவென்று இறங்கத் தொடங்கியது.

"விழறதா இருந்தா முதல்ல நான் விழுந்திருப்பேன் டாக்டர்," என்றாள் குரு.